ஒரே காசு, இரண்டு விலை

நாலு சென்டிமீட்டர் குறுக்களவில் ஒரு வெள்ளிக்காசு. கையில் வைத்தால் கனம் தெரிகிறது. தலைப்பக்கத்தில் முக்காடிட்ட, பருத்த தேகமுள்ள ஒரு அரசி. அவள் தோளருகே ஒரு பதக்கம், அதைச் சுற்றி ஒன்பது முத்துகள். பூப்பக்கத்தில் இரட்டைத் தலைக் கழுகு. விளிம்பில் விரலை ஓட்டினால் புடைத்த எழுத்துகள் தட்டுப்படும். ‘நீதியும் கருணையும்’ என்று பொருள்படும் இலத்தீன் வாசகம். ஆண்டு 1780.

இது ஆஸ்திரியாவின் மரியா தெரேசா தாலர். அரசி இறந்தது 1780 நவம்பரில். செங்கடலைச் சுற்றியிருந்த வணிகர்கள் இந்த முகத்தை நம்பிப் பழகிவிட்டார்கள். வேறு முகம் வந்தால் வாங்க மறுத்தார்கள். அதனால் அவள் இறந்த பிறகும் அதே அச்சு, அதே ஆண்டு. வியன்னாவில் மட்டுமல்ல, ரோம், லண்டன், பாரிஸ், பிரசல்ஸ், பம்பாய் என்று பல ஊர் நாணயச்சாலைகளில் இந்தக் காசை அடித்திருக்கிறார்கள். வியன்னா இன்றும் அடிக்கிறது. ஆகவே கையில் இருக்கும் காசு 1780இல் பிறந்ததாகவும் இருக்கலாம், 1960இல் பிறந்ததாகவும் இருக்கலாம். கழுகின் வால் இறகுகளையும் முத்துகளையும் எழுத்துகளின் இடைவெளியையும் பூதக்கண்ணாடியில் எண்ணி, எந்த நாணயச்சாலை, எந்தக் காலம் என்று பிரிப்பதே தனிக் கலை.

எடை 28.07 கிராம். அதில் ஆறில் ஐந்து பங்கு, அதாவது 23.39 கிராம், வெள்ளி. ஒரு கிராம் வெள்ளியின் அன்றைய விலையை 23.39ஆல் பெருக்கினால் அதன் உலோக விலை வந்துவிடும். பின்னாளைய அச்சாக இருந்தால் அதற்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் போதும். அரிதான பழைய அச்சாக இருந்தால் அதைப் போலப் பல மடங்கு. விவரம் தெரியாதவர் ‘1780’ என்ற எண்ணைப் பார்த்துவிட்டு முதல் வகைக்கு இரண்டாம் வகையின் விலையைக் கொடுத்துவிட்டு வருவார்.

தங்கம், வெள்ளிக் காசு சேர்ப்பதைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் இந்த ஒரு காசுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு காசுக்கும் இரண்டு விலை உண்டு. ஒன்று, உருக்கினால் கிடைக்கும் உலோகத்தின் விலை. மற்றது, அதை உருக்க மனம் வராதபடி செய்கிற எல்லாவற்றின் விலை: வயது, அருமை, அச்சின் அழகு, தேயாத முகம். இரண்டும் வெவ்வேறு காரணங்களால் ஏறி இறங்குகின்றன. வாங்கும்போது எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு இது மகிழ்ச்சியான பொழுதுபோக்கு, ஓரளவு பத்திரமான சேமிப்பும்கூட. பிரிக்கத் தெரியாதவருக்கு இரண்டுமே கிடைப்பதில்லை.

தமிழில் ‘நாணயம்’ என்றால் காசு; நேர்மைக்கும் அதுவே சொல். காசின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு பொருளுக்கும் இடையே நடந்த இழுபறிதான். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த லிடியா நாட்டில், கி.மு. ஏழாம் நூற்றாண்டுவாக்கில், தங்கமும் வெள்ளியும் இயற்கையாகக் கலந்த எலக்ட்ரம் என்ற உலோகத்தில் முதல் காசுகள் அடிக்கப்பட்டன. கலவையில் தங்கம் எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது. அடித்தவன் முத்திரையை நம்பித்தான் வாங்க வேண்டும். அடுத்த நூற்றாண்டில் அந்நாட்டு மன்னன் குரோசஸ் காலத்தில் தங்கம் தனி, வெள்ளி தனி என்று காசுகள் வந்தன. முத்திரை ஒரு வாக்குறுதி. ‘இதில் இவ்வளவு எடை, இவ்வளவு மாற்று, அதாவது தூய்மை, இருக்கிறது, நீ நிறுத்துப் பார்க்கவோ உரைத்துப் பார்க்கவோ வேண்டியதில்லை’ என்று அரசு கொடுக்கும் வாக்கு.

அந்த வாக்கை முதலில் மீறியவர்களும் அரசர்கள்தான். ரோமப் பேரரசின் தெனாரியஸ் காசு தொடக்கத்தில் ஏறக்குறைய சுத்த வெள்ளி. பேரரசன் நீரோ கி.பி. 64இல் எடையையும் மாற்றையும் குறைத்தான். பின்வந்தவர்கள் அதே வழியில் போனார்கள். 260களின் இறுதியில் ரோமின் ‘வெள்ளி’க் காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மேலே வெள்ளிப் பூச்சு, உள்ளே செம்பு. இந்த இறக்கத்தை ஒரு வரிசையாக அடுக்கிப் பார்க்கலாம். நீரோவுக்கு முந்தைய காசு ஒன்று, பின்வந்த பேரரசர்களில் செவரஸ் காலத்துக் காசு ஒன்று, காலியனஸ் காலத்துக் காசு ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பேரரசின் நிதி நிலைமை நிறத்திலேயே தெரியும். பழங்காசு சேர்ப்பதில் இதைவிடப் பெரிய சுகம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வாக்கை மீறிய இரண்டாவது கூட்டம், ஓரத்தைச் சுரண்டுபவர்கள். சம்மட்டியால் அடித்த காசுகளின் விளிம்பு ஒழுங்காக இருக்காது. கத்தரியால் மெல்லிய இழை எடுத்தாலும் யாருக்கும் தெரியாது. இங்கிலாந்தில் 1662 முதல் காசுகளை எந்திரத்தில் அடித்து விளிம்பில் எழுத்தோ வரியோ பதித்தார்கள். பெரிய காசுகளின் விளிம்பு வாசகத்துக்கு ‘அணியும் அரணும்’ என்று பொருள். பழைய சுரண்டப்பட்ட காசுகளைத் திரும்பப் பெற்றுப் புதிதாக அடிக்கும் பெருவேலை 1696இல் தொடங்கியபோது நாணயச்சாலைக்குப் பொறுப்பாளராக வந்தவர் ஐசக் நியூட்டன். கள்ளக்காசுக்காரர்களை அவரே விசாரித்துத் துரத்தினார். வில்லியம் சலோனர் என்ற பெரிய கள்ளக்காசுக்காரன் 1699இல் தூக்கிலிடப்பட்டான். இன்று காசின் விளிம்பில் நாம் காணும் அந்த நெருக்கமான கோடுகள் அந்தக் காலத்துச் சண்டையின் தழும்பு.

பிறகு புழக்கத்திலிருந்தே இந்த உலோகங்கள் விலகிவிட்டன. பிரிட்டன் தன் வெள்ளிக்காசின் மாற்றை 1920இல் 92.5 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக்கியது. 1947இல் வெள்ளியை முற்றாக எடுத்துவிட்டு செம்பு-நிக்கல் கலவைக்கு மாறியது. அமெரிக்காவில் 1964 வரை பத்து சென்ட், கால் டாலர் காசுகளில் 90 சதவீதம் வெள்ளி; 1965ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அவற்றில் துளியும் இல்லை. புதிய காசும் பழைய காசும் ஒரே முகமதிப்பில் புழங்கினால் என்ன ஆகும்? மக்கள் வெள்ளியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு செம்பைச் செலவழித்தார்கள். மட்டக்காசு நல்லகாசைச் சந்தையிலிருந்து துரத்தும் என்ற இந்த விதி பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலேய வணிகர் தாமஸ் கிரஷாம் பெயரில் வழங்குகிறது.

தங்கத்தின் கதையில் சட்டமே நேரடியாக நுழைந்தது. 1933 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மக்கள் தங்கள் தங்கக்காசுகளை வங்கியில் ஒப்படைக்க ஆணையிட்டார். அரிய காசு சேர்ப்பவர்களுக்கு மட்டும் அதில் விலக்கு இருந்தது. தங்கம் வைத்திருப்பதற்கான அந்தத் தடை 1974 டிசம்பர் 31 அன்றுதான் நீங்கியது. உலோகத்துக்காக வைத்திருப்பதும் காசுக்காக வைத்திருப்பதும் வேறு வேறு என்பதை ஒரு அரசாணையே ஒப்புக்கொண்ட இடம் இது.

அந்த ஆணைக்குள் இரண்டு விலைகளின் உச்சக்கட்ட உதாரணமும் மாட்டிக்கொண்டது. அந்த ஆண்டு 20 டாலர் முகமதிப்புள்ள இரட்டைக்கழுகு காசுகள் 4,45,500 அடிக்கப்பட்டிருந்தன. புழக்கத்துக்கு வராமலேயே ஏறக்குறைய எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். தப்பியவை சில. அவற்றில் தனியார் சட்டப்படி வைத்திருக்கலாம் என்று அனுமதி பெற்ற ஒரே ஒரு காசு 2002இல் 75 இலட்சம் டாலருக்கு மேலும், 2021இல் சுமார் 1 கோடியே 89 இலட்சம் டாலருக்கும் ஏலம் போனது. அந்தக் காசின் எடை 33.44 கிராம், அதில் 90 சதவீதம் தங்கம். 1924 என்று ஆண்டு பொறித்த அதே இரட்டைக்கழுகிலும் அதே எடை, அதே தங்கம், அதே உருவம். ஆனால் அது தாராளமாகக் கிடைக்கும் காசு. தங்கத்தின் விலைக்குச் சற்று மேலே வாங்கிவிடலாம். வித்தியாசம் கடைசி இரண்டு இலக்கங்களில் இருக்கிறது.

உலோகத்துக்காக மட்டுமே வாங்குவதற்கென்று காசு அடிக்கும் வழக்கம் புதியது. 1967இல் தென்னாப்பிரிக்கா வெளியிட்ட குரூகர்ராண்ட் இதைத் தொடங்கிவைத்தது. சரியாக ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1035 கிராம், சுத்தத் தங்கம் அதில் உண்டு, முகமதிப்பே பொறிக்கப்படவில்லை. ஆனால் தராசில் வைத்தால் 33.93 கிராம் காட்டும். மாற்று 22 காரட் என்பதால் மீதி செம்பு. அந்தச் செம்புதான் காசுக்குச் சிவந்த சாயலையும் உறுதியையும் கொடுக்கிறது. 1979இல் கனடாவின் மேப்பிள் இலை வந்தது. 1982 முதல் அதன் தூய்மை நான்கு ஒன்பது, அதாவது 99.99 சதவீதம். சீனாவின் பாண்டா 1982, அமெரிக்கக் கழுகு 1986, பிரிட்டானியா 1987, வியன்னா பில்ஹார்மோனிக் 1989. பாண்டா மட்டும் 2016 முதல் அவுன்ஸை விட்டுவிட்டு கிராமுக்கு மாறியது. இப்போதைய பெரிய பாண்டாவில் 30 கிராம். அவுன்ஸ் என்று நினைத்து விலை பேசுபவர் ஒரு கிராமுக்கு மேல் இழப்பார்.

24 காரட் உயர்வு, 22 காரட் தாழ்வு என்று நினைப்பவர்கள் உண்டு. காசைப் பொறுத்தவரை அது சரியில்லை. அமெரிக்கக் கழுகிலும் மேப்பிள் இலையிலும் இருக்கும் தங்கம் ஒரே அளவு. முன்னதில் கூடுதலாகக் கொஞ்சம் வெள்ளியும் செம்பும் இருக்கின்றன. நான்கு ஒன்பது தங்கம் மிருதுவானது, நகம் பட்டால்கூட அடையாளம் விழுமோ என்று பயந்து தொட வேண்டியிருக்கும். அடிக்கடி கையாளப் போகிறவருக்கு 22 காரட் நல்ல தோழன். பிரிட்டனின் பழைய தங்கக்காசான சாவரின் அதனால்தான் இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 7.988 கிராம், 22 காரட், உள்ளே 7.32 கிராம் சுத்தத் தங்கம். 1817 முதல் இந்த அளவு மாறவில்லை. பிஸ்ட்ருச்சி என்ற இத்தாலியச் சிற்பி செதுக்கிய, குதிரை மேலமர்ந்து பறவைநாகத்தை (டிராகனை) கொல்லும் புனித ஜார்ஜ் உருவம் இன்றும் அதில் இருக்கிறது. சிட்னி, மெல்பர்ன், பெர்த், ஒட்டாவா, பம்பாய், பிரிட்டோரியா நாணயச்சாலைகளில் அடித்த சாவரின்களில் அந்தந்த ஊருக்கான சிறு எழுத்து இருக்கும். பம்பாயில் அது நடந்தது 1918இல் மட்டும். தங்கத்தின் விலைக்கு அருகில் வாங்கிக்கொண்டே ஆண்டுவாரியாகவும் ஊர்வாரியாகவும் வரிசை சேர்க்கலாம் என்பதால், சிறிய சேமிப்போடு பொழுதுபோக்கையும் விரும்புகிறவருக்கு நான் முதலில் கைகாட்டுவது சாவரினைத்தான்.

உலோக விலைக்கு மேல் நாம் கொடுப்பதை நகையின் செய்கூலி போல நினைத்துக்கொள்ளலாம். அடிப்பதற்கும் அனுப்புவதற்கும் விற்பதற்கும் ஆன செலவு அது. காசு சிறியதாக ஆக ஆக, கிராமுக்கு விழும் செய்கூலி ஏறும். பத்தில் ஒரு அவுன்ஸ் காசை அடிக்கவும் ஏறக்குறைய அதே வேலைதானே. வெள்ளியில் உலோகமே மலிவு என்பதால் செய்கூலியின் விகிதம் தங்கத்தைவிட அதிகமாகத் தெரியும். கூட்டிக் கழித்து ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். உலோகம் 100 மதிப்புள்ள காசை 106 கொடுத்து வாங்குகிறீர்கள். அன்றே திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் 98 தருவார். கைப்பணம் கைக்கு வரவே உலோகம் எட்டு சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். இன்று வாங்கி அடுத்த மாதம் விற்று இலாபம் பார்க்கும் வேலைக்குக் காசு சரிப்படாது.

செய்கூலி மிகக் கனமாக ஒளிந்திருப்பது, நாணயச்சாலைகளே விற்கும் நினைவுக் காசுகளில். பெட்டி, சான்றிதழ், வண்ணப்பூச்சு, ‘இத்தனை ஆயிரம் மட்டுமே’ என்ற அறிவிப்பு. மெருகேற்றிய அச்சாலும் மெருகேற்றிய வெற்று உலோக வில்லையாலும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடித்து உருவாக்கும் ‘புரூஃப்’ காசுகளின் அழகு உண்மையான அழகு. கண்ணாடிப் பரப்பின் மேல் பனி படிந்தது போல உருவம் நிற்கும். பிடித்திருந்தால் அந்த அழகுக்காகவே வாங்குங்கள். சேமிப்பு என்று சொல்லிக்கொண்டு வாங்காதீர்கள். உலோக விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு கொடுத்து வாங்கிய பலவும் பத்து ஆண்டு கழித்து விற்கப்போகும்போது எடைக்குத்தான் போகின்றன. அரசு அடிக்காத, முகமதிப்பில்லாத, வட்டமான வெள்ளி வில்லைகளையும் ‘காயின்’ என்றே விற்கிறார்கள். அவை வெள்ளிதான், காசு இல்லை. விற்கும்போது காசுக்கென்று தனி மதிப்பு அதற்குக் கிடைக்காது.

அருமை என்பதை எண்ணிக்கையோடு குழப்பிக்கொள்வது அடுத்த சறுக்கல். எத்தனை அடித்தார்கள் என்பது புத்தகத்தில் இருக்கிறது. எத்தனை மிஞ்சின என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது, அது யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. அமெரிக்காவின் மார்கன் வெள்ளி டாலர்களில் 27 கோடியை 1918ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி உருக்கிவிட்டார்கள். எந்த ஆண்டுக் காசு எத்தனை போனது என்று கணக்கு வைக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸில் 1903இல் அடித்த டாலர் நாற்பது இலட்சத்துக்கு மேல். ஆனால் அறுபது ஆண்டுகள் புழங்காத நிலையில் ஒன்று கிடைப்பதே அபூர்வமாக இருந்தது. விலைப்பட்டியலில் ஆயிரம் டாலருக்கு மேல் நின்றது. 1962 இறுதியில் அரசுக் கருவூலப் பெட்டகத்திலிருந்து பழைய மூட்டைகளை வெளியே எடுத்தபோது, அதே காசு ஆயிரமாயிரமாகக் கொட்டியது. சில வாரங்களில் விலை சில பத்து டாலருக்கு வந்துவிட்டது. பெருவிலை கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்கள் ஏமாற்றப்படவில்லை. அன்றுவரை தெரிந்ததை வைத்து நியாயமாகத்தான் வாங்கினார்கள். அருமைக்காகக் கொடுக்கும் விலையில் இப்படியொரு இடர் எப்போதும் இருக்கிறது. அந்த டாலரில் இருந்த முக்கால் அவுன்ஸ் வெள்ளிக்கு மட்டும் அந்த மூட்டைகளால் ஒன்றும் ஆகவில்லை.

காசின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணால் சொல்லும் முறை 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்கப் பழைய செம்புச் சென்ட்களுக்காக வகுத்தது. இன்று பலவகைக் காசுகளுக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். 60உம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு. 1980களின் நடுவிலும் பிற்பகுதியிலும் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற நிறுவனங்கள் காசை ஆராய்ந்து, எண் கொடுத்து, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தரும் வேலையைத் தொடங்கின. விலையுயர்ந்த, அரிதான காசுக்கு இது பெரிய பாதுகாப்பு. இலட்சக்கணக்கில் அடிக்கும் புதிய உலோகக் காசுக்கு 70 மதிப்பெண் வாங்கி அதற்கெனத் தனி விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 69க்கும் 70க்கும் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலானவர் கண்ணால் காணவே முடியாது. கூட்டையே போலியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். கூட்டின் மேலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்து, படத்தையும் கையில் உள்ள காசையும் ஒப்பிட வேண்டும்.

போலிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இங்கே நம் கையில் இருக்கும் ஆயுதம் எளிமையானது, மலிவானது, பெரும்பாலும் ஏமாற்ற முடியாதது: அடர்த்தி. கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்த்தால், தங்கத்தின் அடர்த்தி 19.3, வெள்ளி 10.5, ஈயம் 11.3, செம்பு 9க்குச் சற்றுக் குறைவு. நூறில் ஒரு கிராம் காட்டும் சிறிய மின்தராசு ஒன்று, ஒரு கண்ணாடிக் குவளை, கொஞ்சம் தண்ணீர், ஒரு மெல்லிய நூல் போதும். முதலில் காசைக் காய்ந்தபடி நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரு அவுன்ஸ் வெள்ளிக்காசு 31.1 காட்டும். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியை லேசாக ஆட்டி விலக்குங்கள். இப்போது தராசு காட்டுவது, காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. வெள்ளியானால் 2.96 அல்லது 2.97 வரும். வெள்ளி முலாம் பூசிய செம்பு 3.47 பக்கம் போகும். ஈயம் 2.74இல் நிற்கும். சுத்தத் தங்கத்தில் ஒரு அவுன்ஸ் 1.61 காட்டும்; குரூகர்ராண்ட் 1.93ஐ ஒட்டி வரும்.

முதன்முறை இதைச் செய்தபோது, தராசின் எண் ஏறிக்கொண்டே வந்து 2.96இல் நின்ற கணத்தில் எனக்கு உண்மையிலேயே மெய் சிலிர்த்தது. ஆர்க்கிமிடீஸ் பெயரில் வழங்கும் அதே சோதனை, இருபத்திரண்டு நூற்றாண்டு கழித்து என் மேசை மேல்.

இதற்குத் தப்பும் ஒரு உலோகம் உண்டு. டங்ஸ்டனின் அடர்த்தி தங்கத்துக்கு மிக அருகில், 19.25. தங்க முலாம் பூசினால் அடர்த்திச் சோதனை ஏமாந்துவிடும். ஆனால் அது கல் போலக் கெட்டியானது, அச்சில் நுணுக்கமாகப் பதியாது. அதனால் பெரிய கட்டிகளில்தான் இந்தப் போலி அதிகம், காசில் குறைவு. சந்தேகம் வந்தால் மின்கடத்துதிறனை அளக்கும் கருவி உள்ள கடைக்குப் போகலாம். வெள்ளிக்கு இன்னொரு சோதனை: வலுவான நியோடிமியம் காந்தத்தைச் சாய்த்த காசின் மேல் விட்டால் ஒட்டாது, ஆனால் தேனில் வழுக்குவது போல மெதுவாக இறங்கும். செம்பிலும் ஓரளவு அப்படித்தான் இறங்கும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. நகைக்குச் செய்வது போல உரைகல்லில் உரைக்க யாரையும் விடாதீர்கள். உரைத்த காசில் உலோக விலை மட்டும் மிஞ்சும்.

தேய்க்கவும் கூடாது. இதை நான் இழந்து கற்றேன். கையில் வந்த முதல் பழைய வெள்ளி டாலர் கறுத்திருந்தது. பற்பசை போட்டுத் துணியால் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. அடுத்த வாரம் அதை ஒரு மூத்த சேகரிப்பாளரிடம் காட்டியபோது அவர் விளக்கடியில் காசை மெல்லச் சாய்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தன் காசு ஒன்றை எடுத்து அதே போலச் சாய்த்தார். அவர் காசில் வெளிச்சம் வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுழன்றது. என் காசில் வெளிச்சம் பரவலாக, உயிரில்லாமல் கிடந்தது. அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளாகப் பரப்பில் தங்கிவிடுகிறது. ஒளி சுழல்வது அந்தக் கோடுகளால். நூறு ஆண்டு தப்பிப் பிழைத்த அந்தக் கோடுகளை நான் ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டேன். அந்தக் காசு இன்னும் என்னிடம் இருக்கிறது.

வெள்ளி கறுப்பது, காற்றில் உள்ள கந்தகச் சேர்மம் அதன் மேல் வெள்ளி சல்பைடாகப் படிவதால். படலம் மெல்லியதாக இருக்கும்போது பொன்னிறம், பிறகு செந்நீலம், நீலம் என்று நிறங்கள் வரும், தடித்தால் கறுப்பு. இயல்பாக வந்த அந்த நிறங்களுக்கே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் பெரிய எதிரி. நாளடைவில் அவற்றிலிருந்து கசியும் பொருள் பச்சைப் பிசுக்காகக் காசில் ஒட்டி உலோகத்தை அரிக்கும். பாலியெஸ்டர் உறை அல்லது கெட்டியான அக்ரிலிக் கூடு நல்லது. ரப்பர் வளையமும் மட்டமான அட்டைப்பெட்டியும் கந்தகம் கொண்டவை, அருகில் வைக்காதீர்கள். காசை விளிம்பில் பிடித்து, கீழே மெத்தென்ற துணி விரித்து எடுங்கள். புதிய வெள்ளிக்காசுகளில் சிலவற்றில் பால்தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள் வரும். அது உற்பத்தியிலேயே வரும் குறை, எடைக்கு விற்கும்போது அதனால் நட்டம் இல்லை.

இனி, சேமிப்பு என்ற கணக்கில் இது எங்கே நிற்கிறது? தங்கம் வட்டி தராது, வாடகை தராது. விலையும் நினைத்தபடி நடக்காது. 1980 ஜனவரி 21 அன்று ஒரு அவுன்ஸ் தங்கம் 850 டாலர். அன்று வாங்கியவர் அந்த எண்ணை மறுபடி காண 2008 ஜனவரி வரை காத்திருந்தார்; பணவீக்கத்தைச் சேர்த்தால் அப்போதும் அவர் நட்டத்தில்தான். இடையில் 1999இல் விலை 260 டாலருக்கும் கீழே போனது. அதே 1980 ஜனவரியில், அமெரிக்கச் செல்வந்தர்களான ஹன்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்ததால் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது. மார்ச் 27 அன்று 11 டாலருக்குக் கீழே விழுந்தது. அந்த உச்சத்தில் உலகெங்கும் பழைய வெள்ளிக்காசுகள் மூட்டை மூட்டையாக உருக்குலைக்குப் போயின. அதில் எத்தனை நல்ல காசுகள் போயிற்றோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கும்.

ஆகவே கடன் வாங்கி வாங்காதீர்கள். அவசரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடாதீர்கள். மாதாமாதமோ காலாண்டுக்கு ஒருமுறையோ, ஒரே அளவு தொகைக்கு, விலை ஏறினாலும் இறங்கினாலும் வாங்கிக்கொண்டு போவது எளிய மனிதருக்கு ஒத்துவரும் வழி. வெள்ளியில் தொடங்கினால் குறைந்த பணத்தில் நிறையக் காசுகளைக் கையாண்டு கண் பழகும். ஆனால் அது இடத்தை அடைக்கும். தங்கத்தின் விலை வெள்ளியைப் போல எத்தனை மடங்கு என்ற விகிதம் பெரிதும் ஆடக்கூடியது: 1803இல் பிரான்ஸ் அதைச் சட்டப்படி 15.5 என்று நிறுத்தியது, 2020 மார்ச்சில் அது 120ஐத் தாண்டியது. 80 என்று வைத்துக்கொண்டால், ஒரு அவுன்ஸ் தங்கக்காசுக்கு ஈடான வெள்ளி இரண்டரைக் கிலோ. முன்னது சட்டைப்பையில் இருக்கும், பின்னதற்குப் பெட்டி வேண்டும்.

பழங்காலக் காசுகளை வாங்குபவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எங்கிருந்து, யார் கை மாறி வந்தது என்ற ஆவணம். பண்பாட்டுச் சொத்துகளின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் வந்தது. புதையல், தொல்பொருள், ஏற்றுமதி, வரி பற்றிய சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும். ரசீது இல்லாத, பழங்கால கிரேக்கத்தின் ஏதென்ஸ் ஆந்தைக் காசு எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் தொடமாட்டேன். தோண்டிய இடத்தைக் காட்டாமல் வந்த ஒவ்வொரு காசும் அந்த இடத்தின் வரலாற்றைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது.

‘காசுக்கு முன் புத்தகம் வாங்கு’ என்பது சேகரிப்பாளர்களிடையே பழகிய பேச்சு. ஒரு வட்டத்தைப் பிடித்துக்கொள்வதும் உதவும்: ஒரே உருவத்தின் பல ஆண்டுகள், ஒரே ஆண்டின் பல நாணயச்சாலைகள், கப்பல் பொறித்த காசுகள், எதுவானாலும். வட்டம் சிறியதாக இருந்தால் ஆறு மாதத்தில் அதில் விற்பவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியும்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு காசுக்கும் ஒரு வரி: என்ன காசு, எடை, வாங்கிய நாள், கொடுத்த விலை, அன்றைய உலோக விலை. கடைசி இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிதாக இருந்தால், அது ஏன் என்று அடுத்த கட்டத்தில் ஒரு சொல்லாவது எழுதியிருப்பேன். எழுத முடியாத நாளில் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வீட்டாருக்காக இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. எடை போட்டு விற்க வேண்டியவை ஒன்று. எடை போட விடாமல், காசு தெரிந்தவரிடம் மட்டும் காட்ட வேண்டியவை மற்றொன்று. தேய்த்துப் பாழாக்கிய அந்த டாலர் முதல் பட்டியலில் இருக்கிறது.